குதிரையின் பதிவேட்டைப் பந்தயத்தோடு மூடிவிடாதீர்கள்

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளின் பந்தயங்களை நடத்தும் மன்றங்களுக்கும் அவற்றை நெறிப்படுத்தும் ஆணையங்களுக்கும்,

வணக்கம். பருவம் முழுதும் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ரசிகர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். பணம் கட்டுவதில் எனக்கு நாட்டமில்லை. இரண்டு வயதில் முதன்முறையாகத் திடலுக்கு வரும் ஒரு குதிரை, மறு ஆண்டில் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தின் ஏறத்தாழ 2,400 மீட்டர் தொலைவைத் தாங்குமா, அதன் தாய்வழியில் அத்தகைய வலு இருந்திருக்கிறதா, ஈரத் தரையில் அதன் பாய்ச்சல் சுருங்குகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துவருவதே என் ஈடுபாடு. ஆனால், அந்தக் குதிரையைப் பற்றி உங்கள் கோப்புகளில் இருப்பதில் மிகச் சிறிய பகுதியே பெரும்பாலான நாடுகளில் ரசிகர்களை வந்தடைகிறது. அது மாற வேண்டும் என்பதே என் முறையீடு.

பதிவேடு பேணுவது இவ்விளையாட்டுக்குப் புதிதன்று. 1791இல் முதன்முதலாக வெளிவந்த ஜெனரல் ஸ்டட் புக் என்ற குதிரை வம்சாவளிப் பதிவேட்டின் வழியில் வந்த பதிவுகளைக் கொண்டு, இன்று ஓடும் எந்தத் தரோபிரெட்டின் தந்தைவழியையும் டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க் ஆகிய மூன்று பொலிகுதிரைகளுள் (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகளுள்) ஒன்றுவரை கொண்டுசென்றுவிட முடிகிறது. முன்னோரை இத்தனை தலைமுறை பின்னோக்கிச் சொல்ல முடிந்தும், சென்ற பருவத்தில் ஓடிய ஒரு குதிரை இப்போது யாருடைய லாயத்தில் நிற்கிறது என்று பல வேளைகளில் சொல்ல முடிவதில்லை.

பெரும் பந்தயத்துக்கு முந்தைய நாள் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீக்கப்படும்போது, காரணம் ஒற்றைச் சொல்லில் வருகிறது. சில வேளை அதுவும் வருவதில்லை. குளம்பில் சீழ் கட்டியிருந்தால் உரிய சிகிச்சையில் விரைவில் சரியாகிவிடும். முன்னங்கால் தசைநார் கிழிந்திருந்தாலோ அந்தப் பருவமே போய்விடும், குதிரை திரும்பி வராமலும் போகலாம். இவ்விரண்டையும் ‘உடல்நலமின்மை’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது, அக்குதிரையை முதல் ஓட்டத்திலிருந்து பார்த்துவந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஹாங்காங்கில் குதிரைகளின் கால்நடை மருத்துவக் குறிப்புகள், காலைப் பயிற்சி விவரங்கள், ஒத்திகை ஓட்டங்களின் காணொளிகள் ஆகியவற்றை எவரும் பார்க்கலாம். ஜப்பானில் பந்தய நாளன்று ஒவ்வொரு குதிரையின் உடல் எடையும், முந்தைய ஓட்டத்திலிருந்து அது எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதும் அறிவிக்கப்படுகின்றன. உரிமையாளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று மற்ற இடங்களில் சொல்லப்படும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுமக்கள் முன் ஓடுவதற்கென்று பதிவு செய்யப்பட்ட குதிரையின் கால் எப்படி இருக்கிறது என்பது அந்தரங்கம் ஆகாது. மேலும், உயிரைப் பறிக்கும் எலும்பு முறிவுகள் பலவற்றுக்கு முன்பே அதே இடத்தில் சிறு விரிசல்கள் தோன்றியிருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருப்பதால், இக்குறிப்புகள் திறந்திருப்பது குதிரைகளையே காக்கும்.

என்னை மிகவும் வருத்துவது ஓட்டம் முடிந்த பிறகு நிலவும் மௌனம். 14 பந்தயங்களில் ஓடி 14இலும் வென்ற ஃபிராங்கல் என்ற குதிரையின் இருப்பிடத்தை எவரும் தேட வேண்டியதில்லை. வெல்லாத குதிரைகளும், காயடிக்கப்பட்டதால் இனப்பெருக்கத்துக்குப் பயன்படாத குதிரைகளுமே சத்தமின்றிக் கணக்கிலிருந்து மறைகின்றன. வென்றவற்றுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதற்கு ஃபெர்டினாண்ட் சாட்சி. 1986இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியையும், மறு ஆண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் அலிஷீபா என்ற குதிரையை மூக்களவு வித்தியாசத்தில் முந்தி அப்பந்தயத்தையும் வென்ற அக்குதிரை, பின்னர் பொலிகுதிரையாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தேவை குறைந்ததும் கைமாறி, 2002இல் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது. ஒரு பத்திரிகை தேடிப் போனதால்தான் மறு ஆண்டு உலகுக்கு அது தெரியவந்தது. அதன் ஒவ்வொரு ஓட்டத்தையும் நொடிக் கணக்கோடு எழுதிவைத்த ஒரு துறை, அதன் முடிவைப் பத்திரிகையில் படித்து அறிய நேர்ந்ததை இன்றும் என் மனம் ஏற்கவில்லை.

இதைச் சரிசெய்யக் கருவிகள் இல்லை என்று சொல்ல முடியாது. வட அமெரிக்காவில் 2017 முதல் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதற்கு அவற்றின் உடலில் அடையாள நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்துவது கட்டாயமாகியிருக்கிறது. வேறு பல நாடுகளிலும் அம்முறை உண்டு. எனவே, ஓய்வு பெறும் ஒவ்வொரு குதிரையும் இனப்பெருக்கத்துக்குச் சென்றதா, சவாரிப் பயிற்சிக்குச் சென்றதா, புகலிடத்தில் இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதை, தனியார் முகவரியை வெளியிடாமலேயே, ஆண்டுக்கு ஒருமுறை அதன் பந்தயப் பதிவோடு சேர்த்து வெளியிடுங்கள். கைமாறும்போதெல்லாம் தெரிவிக்கும் கடமையைக் கடைசி உரிமையாளருக்கு விதியாக்குங்கள். தெரிவிக்கத் தவறுபவரின் புதிய குதிரைகளை அடுத்த பருவத்தில் எந்தப் பந்தயத்திலும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
தரோபிரெட் பந்தயங்களின் நெடுநாள் ரசிகன்