முறைத் தண்ணீர்

கோத்தன்பர்க், சுவீடன்
26 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இங்கே நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றும், மஞ்சள் வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது என்றும் தங்கை சொன்னாள். இங்கே காலை எட்டரை மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது, மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மற்றபடி குறையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாதியில் அழைப்பைத் துண்டித்ததனால்தான் இந்தக் கடிதம். வாசலில் சீட்டுக்காரர் வந்து நிற்க, "நான் ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது பேத்தியின் காதில் விழுந்துவிட்டது. "அப்பாரு, இருந்துகொண்டே இல்லை என்று சொல்வது பொய்யல்லவா?" என்று அவள் கேட்டதும் உங்கள் முகம் சிவந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையைக் குறுக்கே பேசவிட்டுக் குட்டிச்சுவராக்குகிறேன் என்றும், அடியாத மாடு படியாது என்றும் சொன்னீர்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. (நம் கட்டுத்தரையில் நின்ற செவலைக் காளைக்கு நீங்கள் ஒரு நாளும் சாட்டை எடுத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது, அதையும் சொல்லவில்லை.)

இந்த நாட்டில் பெற்றவர்களும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது சட்டம். உலகத்திலேயே இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். 1979ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்கள் அடிப்பதை அதற்கும் முன்னதாக, 1958இலேயே நிறுத்திவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் 259 பேர் ஆதரவாகவும் 6 பேர் எதிராகவும் வாக்களித்தார்களாம். சட்டம் வந்த புதிதில் அதை ஊருக்குத் தெரியப்படுத்த அரசாங்கம் தேர்ந்தெடுத்த இடம் பால் அட்டைப்பெட்டி. இரண்டு மாத காலம் பால் பெட்டிகளின் மேல் அச்சிட்டு விற்றதனால், காலையில் பால் ஊற்றும் தாயும் அதைக் குடிக்கும் பிள்ளையும் ஒரே மேசையில் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சிறு நூலும் அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களுக்காக அதைப் பல மொழிகளிலும் அச்சிட்டார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்தப் பிரிவில் தண்டனை என்று எதுவும் எழுதப்படவில்லை. வலிக்கும்படி அடித்தால், ஊரானை அடித்தால் என்ன வழக்கோ அதே வழக்குத்தான். அதற்குக் குற்றவியல் சட்டம் தனியாக இருக்கிறது. குழந்தைகளை மதித்து நடத்த வேண்டும், உடலைத் தண்டிக்கவோ இழிவுபடுத்தவோ கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பிரிவு நின்றுவிடுகிறது. விளார்க் குச்சி இல்லாமல் பெற்றோருக்கே பாடம் சொல்லப் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாணவரின் உடலைத் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றுவிடும். என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சுருங்க சார்" என்று நீங்கள் ஆசிரியரிடம் சொன்னதும், அவர் சிரித்ததும், நான் சிரிக்காததும் இன்னும் நினைவில் இருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகளுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே ஒரு துவைக்கும் அறை இருக்கிறது. ஒரு வீட்டின் முறை மூன்று மணி நேரம். கதவில் தொங்கும் தாளில் வீட்டு எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்துவிட்டால் அந்த நேரம் உங்களுக்கு. அதில் வேறொருவர் கை வைப்பது இங்கே சிறிய விஷயமில்லை. பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் வீட்டுத் துணி முழுவதையும் அலசிவிட வேண்டும் என்று உங்கள் மருமகள் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு முறையும் மிச்சமில்லை. அவள் இதைச் சொல்லி இரண்டு நாள் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி, யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கிப் போய், மூன்றாம் மாடியில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் எண்ணை அழித்துவிட்டு எங்கள் எண்ணை எழுதி வைத்துவிட்டாள். "யாரோ விட்டுக்கொடுத்துவிட்டார்கள் போல" என்று நாங்களும் துவைத்து முடித்தோம். அன்று மாலை அந்த அம்மாள் துணிக் கூடையோடு வந்து கதவைத் தட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர் போன பிறகு என் கை ஓங்கியது, அப்பா. ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்பினால் நின்றது என்று எழுதினால் நீங்கள் நம்பலாம், ஆனால் அது உண்மையில்லை. பள்ளியில் ஆசிரியருக்குச் சந்தேகம் எழுந்தாலே நகராட்சியின் சமூக நலப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது இங்கே விதி. மறுநாள் அவள் பள்ளியில் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் கையைப் பிடித்து நிறுத்தியது. புளியம் விளாருக்குப் பயந்து நல்லவனாக இருந்த பையன், நாற்பத்தொரு வயதில் சட்டத்துக்குப் பயந்து நல்ல தகப்பனாக நின்றுகொண்டிருந்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படுத்துக்கொண்டு, நீங்கள் என்னை அடித்ததையும் அடிக்காததையும் எண்ணிப் பார்த்தேன். கோபியில் செக்கில் ஆட்டி வந்த கடலெண்ணெயைத் தூக்குப்போசியோடு நான் வாசற்படியில் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அம்மா கூப்பிட்டார்களே என்று ஓடிவந்ததில் கால் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய் விளார் ஒடித்து வரச் சொன்னீர்கள். மெல்லிய விளார்தான் சுரீரென்று பிடிக்கும் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்ததால், தடித்ததாகப் பார்த்து ஒடித்து வந்தேன். நான் அந்த நாட்களில் கற்றுக்கொண்டவை அப்படிப்பட்டவைதான். தோட்டத்து வேலிகளுக்கு நடுவே வரும் இட்டேரியில் உங்கள் மொபெட்டின் சத்தம் கேட்டதுமே எந்த வேலையைச் செய்வதுபோல் உட்கார வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன்.

ஜெனீவாவில் குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த ழான் பியாஜே என்பவர் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. சாப்பிடக் கூப்பிட்டதும் கதவைத் திறந்த பையன் ஒருவன், கதவுக்குப் பின்னால் தட்டு இருப்பதை அறியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் தாய் இல்லாத நேரத்தில் இனிப்பைத் திருடி எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால், சிறு குழந்தைகளில் பலர் பதினைந்து உடைத்தவனைக் காட்டுகிறார்கள். வளர வளரத்தான் எண்ணிக்கையை விட்டு எண்ணத்தைப் பார்க்கப் பழகுகிறார்கள். அதைப் படித்தபோது எண்ணெய்ப் போசிதான் என் கண்முன் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆண்டு கையில் காசில்லை என்பதும், அந்த எண்ணெய் இரண்டு மாதச் சமையலுக்கானது என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

ஆனால் உண்மையாகவே நான் தப்புச் செய்த நாளில் நீங்கள் என்னை அடிக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்து எங்கள் மடையில் முறை வைத்துப் பாய்ச்சிய கோடை அது. நீங்கள் மஞ்சள் மூட்டைகளோடு ஈரோட்டுக்குப் போய் இரவு அங்கேயே தங்கிவிட்டீர்கள். பன்னிரண்டு மணிக்கு மடையை மேற்குத் தோட்டத்துப் பெரியப்பா பக்கம் திருப்பிவிட வேண்டியது என் பொறுப்பு. கரும்பில் இன்னும் நான்கைந்து பாத்திகள் பாக்கி இருந்தன. பெரியப்பா தூங்குகிறார், யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டு மணி வரை நம் பக்கமே விட்டுவிட்டேன். மறுநாள் காலை நீங்கள் பேருந்திலிருந்து இறங்கியதும், கரும்பு முழுவதும் நனைந்துவிட்டது என்று பெருமையாக உங்களிடம் சொன்னதும் நான்தான்.

நீங்கள் திட்டக்கூட இல்லை. சட்டையையும் மாற்றாமல் என் கையைப் பிடித்து இட்டேரி வழியாக நடத்திக்கொண்டு போனீர்கள். பெரியப்பா கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தார். "பையன் உங்க முறையில ரெண்டு மணி நேரம் பாய்ச்சிப்போட்டானுங்க. அடுத்த முறையில எங்க நேரத்துல ரெண்டு மணி நேரம் நீங்க எடுத்துக்குங்க" என்றீர்கள். "சின்னப் பையன், விடப்பா" என்று அவர் சொன்னதை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறையில் மடையை அவர் பக்கம் திருப்பும் வேலையையும் என்னையே செய்ய வைத்தீர்கள். நம் கரும்பின் கிழக்கு மூலை காய்ந்து மஞ்சளித்துப் போனதை அந்த மாதம் முழுவதும் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அன்று நீங்கள் அடித்திருந்தால் கணக்கு உங்களுக்கும் எனக்கும் இடையே அந்தக் காலையிலேயே தீர்ந்திருக்கும். நான் அழுதிருப்பேன், அம்மா எண்ணெய் தடவியிருப்பார்கள், பெரியப்பாவின் தோட்டத்துக்கு வராமல் போன தண்ணீர் வராமலே போயிருக்கும். அடி என்பது அடிக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் மட்டுமே உரிய விவகாரமாக முடிந்துவிடுகிறது. யாருக்குத் தப்புச் செய்தோமோ அவர் அதில் எங்குமே வருவதில்லை. எண்ணெய்ப் போசிக்கு வாங்கிய அடியில் எனக்கு நினைவிருப்பது விளாரும் உங்கள் முகமும்தான். தண்ணீர் விஷயத்தில் நினைவிருப்பது பெரியப்பாவின் முகம்.

மறுநாள் காலை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவளே சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் சொன்னாள், குரல் வரவில்லை, ஆனாலும் சொன்னாள். அந்த அம்மாள் அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தனக்கு முதுகு வலி என்றும், படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கத் தம்பி மகன் அந்த ஒரு நாள்தான் வர முடிந்தது என்றும், இனி அவன் வர இரண்டு வாரம் ஆகும் என்றும் உள்ளபடி எடுத்துச் சொன்னார். பேத்தி இதை எதிர்பார்க்கவில்லை. தாளில் ஒரு எண்ணைத்தான் அழித்தோம் என்று நினைத்திருந்தவள், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முதுகு இருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தாள் போலும். எங்களுடைய அடுத்த முறையை அவருக்குக் கொடுத்தோம். துணியை நானும் அவளுமாகச் சுமந்து இறக்கி ஏற்றினோம். அந்த வாரம் முழுவதும் அவள் பள்ளிக்குப் போட்டுப் போக நல்ல காலுறை இல்லாமல் முனகினாள்.

இதனால் இந்த ஊர் வழக்கமெல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பனி கொட்டும் பேருந்து நிறுத்தத்தில், தொப்பி போட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் ஐந்து வயதுப் பையனிடம் ஒரு தகப்பன் இருபது நிமிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்ததையும், அதற்குள் இரண்டு பேருந்துகள் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியரைப் பிள்ளைகள் பெயர் சொல்லி அழைப்பது இன்னும் என் காதில் உறுத்துகிறது. பெரியவர்கள் எழுந்து நிற்கும்போது இளையவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், அடிக்காமல் வளர்ப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே விட்டுவிடுவது என்று சிலர் எடுத்துக்கொண்டார்களோ என்றும் தோன்றும். அடிப்பதைவிட மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. அன்று நான் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. பெரியப்பா வீட்டிலிருந்து திரும்பும் வழி முழுவதும் நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எண்ணெய்க்கு ஓங்கிய கை, தண்ணீருக்கு ஏன் ஓங்கவில்லை என்பதை முப்பது ஆண்டுகளாகக் கேட்க நினைத்திருக்கிறேன். தொலைபேசியில் வேண்டாம். ஜூனில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் மூவரும் வருகிறோம். மடையில் உட்கார்ந்து சொல்லுங்கள். பேத்திக்கும் அந்த மடையைப் பார்க்க வேண்டுமாம்.

அம்மாவை மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். சீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டதா என்று பேத்தி கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் மகன்