மூட்டு அறுவை முடிந்த தெருநாய்களைத் தங்கவைக்க இடம் கோரி மனு

அனுப்புநர்:
தெருவாசிகள்,
எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் கருப்பி என்று ஒரு நாய். போன ஐப்பசியில் தண்ணீர் லாரி ஒன்று அதன் பின்னங்காலைத் தார்ச்சாலையோடு வைத்துத் தேய்த்துவிட்டது. குதிகால் மூட்டின் ஒரு பக்கம் தோலும் இல்லை, மூட்டைப் பிடித்திருக்கும் நாரும் இல்லை. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பாதம் துவண்டு தொங்கியது.

வீட்டுக்கு வீடு பணம் திரட்டி அறுவை செய்தோம். டாக்டர் சொன்னது எங்களுக்குப் புதிது. இனி அந்த மூட்டு பழையபடி மடங்காது, மடங்காமலே ஒட்டவைத்துவிட்டால் வலி போய் நாலு காலில் நடக்கும் என்றார். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் உடம்பிலேயே வேறோர் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் நிரப்பி, நாய் இயல்பாக நிற்கும் கோணத்தில் பிளேட்டும் ஸ்குருவும் வைத்து இறுக்குவார்களாம். ஆர்த்ரோடெசிஸ் என்று பெயர். முழங்காலுக்கு இது கடைசி வழிதான், குதிகாலுக்கு நன்றாகவே பலன் தரும் என்றும் சொன்னார்.

சிக்கல் அதற்கு அப்புறம். எலும்பு ஒட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பாரத்தைத் தாங்குவது பிளேட்தான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கட்டு நனையக் கூடாது. தெருநாயிடம் இதை யார் சொல்வது? இடமில்லை என்று மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் கட்டிவைத்தோம். கார்த்திகை மழையில் அங்கேயும் தண்ணீர் ஏறியது. நனைந்து நாறிய கட்டைக் கருப்பி கடித்துப் பிய்த்துவிட்டது. ஐந்தாம் வாரம் எக்ஸ்ரேயில் இரண்டு ஸ்குரு கழன்றிருந்தன, உள்ளே சீழ். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டரைக் குறை சொல்ல மாட்டோம், சுத்தமான வேலை.

வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது. அறுக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, படுக்கவைக்கத்தான் இடமில்லை. நகரில் ஏதாவது ஓர் அரசு கால்நடை மருத்துவமனையில், மழை படாத கூண்டு பத்து ஒதுக்கித் தாருங்கள். நாய் எழுந்து நின்று திரும்பும் அளவு போதும், பெரிய கூண்டு இருந்தால் குதிக்கும். கட்டு மாற்றத் தெரிந்த ஒருவரும், எலும்பு ஒட்டியது எக்ஸ்ரேயில் தெரியும்வரை தங்க அனுமதியும் வேண்டும். சோறும் முட்டையும் முறைவைத்து நாங்களே கொண்டுவருகிறோம். கட்டைக் கடிக்காமல் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பையும் வாங்கித் தருகிறோம்.

கருப்பி மூன்று காலில் டீக்கடை வரை வந்துபோகிறது. போன வாரம் அதே முனையில் ஒரு செவலை நாய் அடிபட்டது, அதே குதிகால். அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தெருவாசிகள்