அஷ்டமி, நவமியில் படகு விடுகிறோம்: பருவமழைக் கால முன்பதிவு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் பிறந்ததிலிருந்து எங்கள் தூண்டில் கடைக்கு வருகிறவர்களும் புலன (வாட்ஸ்அப்) குழுவில் எழுதுகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தீபாவளி விடுமுறைக்கு மீன்பிடிக்கப் போகப் படகு இருக்கிறதா? படகு இருக்கிறது. ஆனால் அந்த நாள்களுக்கு முன்பதிவு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தைப்பூசத்துக்கும் சீனப் பெருநாளுக்கும் அதே பதில்தான். "கைக்கு வரும் காசை வேண்டாம் என்கிறீர்களே" என்று சிலர் சிரித்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். அதனால் காரணத்தை விளக்கமாக எழுதிவிடுகிறோம். ஊத்தான் மெலிந்தாங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருக்கிற நம்மவர்களோடு, ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பாகான் டத்தோ ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீனப் பெருநாளும் அமாவாசைதான். தைப்பூசம் பௌர்ணமி. வேலையிலிருந்து விடுபட்டுக் கடலுக்குப் போகலாம் என்று நாம் ஆசைப்படும் மூன்று பெரிய விடுமுறையும் பெரிய தண்ணியில் போய் விழுகின்றன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அதன் உச்சம் திதியன்றே வராது, ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். கிள்ளான் துறைமுகத்தில் அந்த நாள்களில் இரண்டுக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நம் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனால் நம்முடையது சேற்றுக் கடல், ஆழமும் குறைவு. அவ்வளவு தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறி அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கினால் அடிச்சேறெல்லாம் கலங்கி மேலே வந்துவிடும்.

அந்த நாளில் தூண்டில் போட்டவர்களுக்கு மீதி தெரியும். எவ்வளவு கனமான ஈயக்குண்டு கட்டினாலும் அடியில் நிற்காது. தூண்டில் நரம்பு படகுக்குப் பின்னால் சாய்ந்து ஓடும், பக்கத்து ஆளின் நரம்போடு சிக்கும், சிக்கெடுப்பதிலேயே காலை போய்விடும். உயிர் இறால் தூண்டில் முள்ளில் சுழன்று சுழன்று செத்துப்போகும். ஒழுங்காகத் தூண்டில் போடக் கிடைப்பது தண்ணி திரும்பும் அந்தச் சிறிது நேரம் மட்டுமே. அதற்கு ஒரு நாள் படகுக் காசு வாங்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

சின்ன தண்ணி எப்போது என்றால், அங்கேதான் வம்பு. தேய்பிறையோ வளர்பிறையோ, அஷ்டமி தொடங்கி தசமி வரைக்கும்தான் ஓட்டம் மெதுவாகும், தண்ணீர் தெளியும், ஈயக்குண்டு சொன்ன இடத்தில் நிற்கும். "அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கக் கூடாது, வேறு நாள் போடுங்கள்" என்று போனிலேயே மறுத்தவர்கள் உண்டு. தோட்டத்து மூத்தவர் ஒருவர் மட்டும் "கல்யாணமா பண்ணப் போறோம்? எழுதிக்க தம்பி" என்றார். அவர் கட்சிதான் நாங்களும். ஆகாத நாள் என்று மற்றவர்கள் ஒதுங்குவதால் ஜெட்டியிலும் நெரிசல் இருக்காது.

தண்ணி விஷயம் நாள்காட்டியோடு முடிந்துவிடும், பல மாதம் முன்பே சொல்லிவிடலாம். காற்று அப்படி இல்லை.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை. இது கிழக்குக் கரைக்காரர்களின் தலைவலி, கிளந்தான் திரெங்கானுவில் படகுகள் கரையேறிவிடும், நமக்குத் தித்திவங்சா மலைத்தொடர் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வது வழக்கம். பெருமளவு உண்மைதான். ஆனாலும் நமக்கென்று ஒரு பங்கு உண்டு. சைபீரியாவில் குளிர் இறுகி அந்தக் கனத்த காற்று தெற்கே சரியும்போது, சில நாளில் தென்சீனக் கடலைத் தாண்டி நம் பக்கமும் எட்டிப்பார்க்கும். சில நாள் விடாமல் அடிக்கும், பிறகு சில நாள் மூச்சு விடும். அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை. அது எந்த வாரத்தில் விழும் என்று இன்றைக்கே எங்களால் சொல்ல முடியாது.

அக்டோபரும் நவம்பரும் இடி மாதங்கள். காலையில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும், மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து மாலையில் கொட்டும். இந்த மாதங்களில் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் ஜெட்டிக்குத் திரும்பிவிடுவோம். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது திரும்பச் சொல்கிறாரே என்று படகோட்டும் தெக்கோங்கைத் திட்டாதீர்கள். சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரிசைகட்டி வரும் புயல்காற்றும் நவம்பர் வரை தலைகாட்டும். அது வந்த காலையில் யாரையும் ஏற்றமாட்டோம்.

ஜனவரி, பிப்ரவரி வேறு மாதிரி. மழை குறையும், வானம் நீலமாக இருக்கும், செம்பனை மட்டை சலசலவென்று ஆடும். இந்த மடலில் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்: அந்த அழகான காலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. ஜெட்டியில் நின்று பார்த்தால் அலையே இருக்காது, ஏனென்றால் தென்னந்தோப்பும் கரையும் காற்றை மறைத்துக்கொள்கின்றன. அலை எழும்பக் காற்றுக்கு ஓட இடம் வேண்டும். கரையிலிருந்து விலக விலக அந்த இடம் கிடைத்துவிடும். போகும்போது காற்று முதுகில், படகு வழுக்கிக்கொண்டு போகும், எல்லாருக்கும் குஷி. திரும்பும்போது அதே அலை முகத்தில். இயந்திரத்தை மெதுவாகத்தான் ஓட்ட முடியும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், உடம்பு முழுக்க உப்பு நனையும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம் என்று எங்கள் தெக்கோங் கணக்கு வைப்பது இதற்காகத்தான். செம்பிலான் தீவுகளுக்கு என்று ஏற்றிவிட்டு ஆற்றுமுகத்துக்கு வெளியே அவர் நிறுத்திவிட்டாரென்றால், அவர் கண் அந்த நேரத்தில் அலையில் இருக்கிறது, மீனில் இல்லை.

இன்னொன்று, பிற்பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்பும் நாள்களில் பேராக் ஆற்றுமுகத்தைப் பாருங்கள். வற்றும் தண்ணி வெளியே ஓடும், காற்று எதிரே தள்ளும். அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும்பும். உயரம் பெரிதில்லை, ஆனால் சின்னப் படகின் மூக்கைக் குத்தவைக்க அது போதும். வீடு திரும்பும் நேரத்தை வற்றத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வதும் முன்பதிவுக் கணக்கில் சேர்த்திதான்.

நீரிணைக்குள் புயல் வராது என்று இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். 2001 டிசம்பரில் வாமெய் புயல் பூமத்திய ரேகைக்கு வெகு அருகே உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் மலாக்கா நீரிணைக்குள்ளேயே பிறந்து, சுமத்ராவை வெள்ளக்காடாக்கிவிட்டு நம் தீபகற்பத்தின் பக்கம் திரும்பியது. அரிது என்பதும் வராது என்பதும் ஒன்றல்ல.

சரி, மீனுக்கு வருவோம்.

நம் ஊரில் மழை பெய்ததா என்று பார்த்துப் பயனில்லை. ஈப்போவில் கொட்டும் மழை கிந்தா ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றோடு சேர்ந்து, பிறகுதான் பாகான் டத்தோவில் கடலைத் தொடும். இங்கே வெயில் அடிக்கும்போது ஆற்றில் ஆகாயத்தாமரையும் மரக்கட்டையும் மிதந்து வரும். அந்தச் செந்தண்ணீரில் தெங்கிரி நிற்காது. வஞ்சிரம் என்று சந்தையில் நாம் வாங்கும் அதே மீன்தான். அதற்கு உப்பும் தெளிவும் வேண்டும், தம்பான், கெம்போங் என்ற சின்ன மீன்கள் போகும் இடத்துக்கு அதுவும் போய்விடும். அப்படிப்பட்ட வாரத்தில் தெங்கிரிக்கென்று ஜிக் என்ற உலோக இரை வாங்க வருகிறவர்களை நாங்களே தடுத்து, உயிர் இறால் எடுத்துக்கொண்டு சியாக்காப் (கொடுவா), ஜெனஹாக் மீன்களுக்குப் போங்கள் என்கிறோம். கலங்கல் அவற்றுக்குப் பெரிய தடையில்லை. செயற்கை இரைதான் போடுவேன் என்பவர்கள் உள்ளே மணி கிலுகிலுக்கும் வகையைப் பாருங்கள், கண் தெரியாத தண்ணீரில் காதுதான் மீனுக்கு வழி. பெரிய சியாக்காப் மாட்டினால் அது பெரும்பாலும் பெண்தான், ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் இனம் அது. படம் எடுத்துவிட்டு மறுபடி நீரில் விடுகிறவர்களுக்கு எங்கள் மரியாதை தனி.

செந்தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் முட்டும் கோடு தெரிந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நுரையும் குப்பையும் நீளமாகக் கிடக்கும், சின்ன மீன் அந்த ஓரத்தில் ஒதுங்கும், பச்சைப் பக்கத்திலிருந்து தெங்கிரியும் தாலாங் மீனும் வந்து அடிக்கும். ஜனவரிக்குப் பிறகு ஆறு தணிந்து அந்தக் கோடு கரைக்கு நெருங்கி வரும்போதுதான், எங்கள் கணக்கில், இந்தப் பருவத்தின் நல்ல காலம். தெங்கிரியின் பல் கத்திரிக்கோல். முள்ளுக்கு மேல் கம்பி கட்டாமல் போகாதீர்கள், ஆனால் ஒரு சாண் போதும், தெளிந்த தண்ணீரில் நீளக் கம்பியைக் கண்டால் அது விலகிவிடும். தாலாங்குக்குக் கம்பி வேண்டாம், வேகமாகச் சுற்றக் கை வேண்டும். தூண்டில் முள்ளைக் கழற்றும்போது அதன் முதுகு முள்ளில் கை வைக்காதீர்கள். அதில் விஷம் உண்டு, நன்றாகக் கடுக்கும். இரை மீன் பிடிக்க அப்போலோ எனும் பல முள் கட்டிய நரம்பு நம் கடையில் நிறைய இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி முன்பதிவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை நீங்கள் தேதி சொல்லாமல் வாரம் சொல்லுங்கள். அந்த வாரத்தில் தண்ணிக்கு ஏற்ற இரண்டு நாளை நாங்கள் குறித்துத் தருவோம். வானிலைத் துறையின் அறிவிப்பையும் மைசுவாச்சா செயலியையும் பார்த்து, முதல் நாள் மாலை போகிறோமா இல்லையா என்று கூப்பிட்டுச் சொல்வோம். பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்ற எச்சரிக்கை நம் பகுதிக்கு இருந்தால் பேச்சே இல்லை. அதன் முதல் படியே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. நம் பைபர் படகுக்கு அதில் பாதியே அதிகம். நாங்கள் ரத்து செய்தால் முன்பணம் அடுத்த வாரத்துக்கு மாறும், வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுவோம். புறப்பட்டபின் பாதியில் திரும்ப நேர்ந்தால் எண்ணெய்க் காசு மட்டும் எடுத்துக்கொள்வோம். கடலில் தெக்கோங் சொல்வதுதான் முடிவு, கடைக்குப் போன் அடித்துச் சிபாரிசு கேட்பதில் பயனில்லை.

மிதவை அங்கியை ஜெட்டியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். காலுக்கடியில் வைத்துக்கொள்வது போட்டதாகாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கார்பன் தூண்டில் ராடுகளை உடனே படுக்க வையுங்கள், அவை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பீர் கரைக்கு வந்தபின். வீட்டில் யாரிடமாவது எந்த ஜெட்டி, எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவசரத்துக்கு 999.

தைப்பூச விரதக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரதம் முடிந்த கையோடு அந்த வார இறுதியிலேயே படகு கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு வாரம் பொறுங்கள். பூசம் கழிந்து எட்டாம் நாள் தேய்பிறை அஷ்டமி, அந்த வாரத்து இடங்களை விரதமிருந்தவர்களுக்கே முதலில் ஒதுக்கியிருக்கிறோம். படகுக்கு நான்கு பேர், பெயர்களைத் தை பிறந்ததும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

தீபாவளி அன்றும் மறுநாளும் கடை மூடியிருக்கும். அதற்கு முன் ரீல் கழுவி எண்ணெய் போடக் கொடுப்பவர்கள், பெயர் எழுதிய சீட்டை ரீலிலேயே ஒட்டிக் கொடுங்கள். ஒரே மாதிரி ரீல்கள் அலமாரியில் நிறையச் சேர்ந்துவிட்டன.

இப்படிக்கு,
உங்கள் தூண்டில் கடை,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்