பொடிமீன் அட்டவணையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்னீர்ச் சிறுமீன்களின் சத்து பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையோடு ஓர் அட்டவணையும் இருந்தது. ‘பொடிமீன், 100 கிராம்’ என்று ஒரே வரியில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, இரும்பு எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். எந்த மீன், பச்சையா கருவாடா, தலையோடா தலையில்லாமலா என்று எதுவும் இல்லை. இவை தெரியாமல் அந்த எண்களை யாரும் சமையலறைக்குக் கொண்டுபோக முடியாது.

பொடிமீன் என்றாலே வைட்டமின் ஏ என்ற பேச்சு வங்கதேசத்து மோலா மீனை ஆராய்ந்ததிலிருந்து பரவியது. பச்சை மோலா 100 கிராமில் அது 2,500 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 840 மைக்ரோகிராம். ஆனால் மோலாவில் உள்ளதில் பாதி மீனின் கண்ணில்; மீதியில் பெரும்பகுதி குடல், ஈரல் பக்கம். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிதுக்கிக் கழுவினால் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. வெயிலில் காயவைத்தாலும் அநேகமாக முழுதும் போய்விடும்.

நம் வாய்க்கால்களில் விழும் பொடிக்கெண்டை கணக்கே வேறு. வங்கதேசத்தில் அளந்த அதே இனக் கெண்டையில் வைட்டமின் ஏ 100 மைக்ரோகிராமைக்கூட எட்டவில்லை. ஆனால் முள்ளோடு தின்றால் 100 கிராமில் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து; அதே அளவு பசும்பாலில் 120தான். உடலில் சேரும் விகிதமும் பாலுக்குக் குறைந்ததல்ல. முள்ளைத் தட்டோரம் ஒதுக்குகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புரதத்தில் பொடிமீனுக்கும் கட்லா, ரோகுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புரதத்தை ஏன் கட்டுரைத் தலைப்பில் போட்டார்களோ!

ஆகவே சுத்தம் செய்வதும் மீனைப் பொறுத்தது. விரல்நீளக் கெண்டையைக் கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிச் செதிலை எடுத்து, வயிற்றைச் சிறிதாகக் கீறிக் குடலை நீக்கலாம், இழப்பு அதிகமில்லை. அவசரத்தில் பித்தப்பை உடைந்தால் குழம்பே கசக்கும். அயிரையை உயிரோடு நல்ல தண்ணீரில் சில மணி நேரம் விட்டால் மண்ணைக் கக்கிவிடும். தலை, குடல் எதையும் எடுக்க வேண்டாம். கெளுத்திக்கு மட்டும் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களைக் கத்தரியால் வெட்டியே ஆக வேண்டும்.

சமைக்கப் புளிக்குழம்புதான் சரி. புளிப்பில் முள் இளகும். கரைந்த சுண்ணாம்புச் சத்து சாற்றிலேயே நிற்கும். வைட்டமின் ஏ எண்ணெயில் கரைவது. குழம்பில் மிதக்கும் எண்ணெய் சோற்றோடு உள்ளே போகும். மோலா போன்ற மீனை நிறைய எண்ணெயில் பொரித்தால் சூட்டில் கொஞ்சம் அழியும், எண்ணெயோடு கொஞ்சம் போகும். சிறு குழந்தைகளுக்கு வெந்த மீனை அம்மியில் மைய அரைத்து, வடிகட்டியில் தேய்த்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். முழு முள் தொண்டையில் குத்தும்.

கருவாட்டு எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். அது வற்றியதால்தான் 100 கிராமுக்கான சுண்ணாம்புச் சத்து, புரத எண்கள் மூன்று மடங்குக்கு மேல் தெரிகின்றன. ஒரு வேளைக்கு யாரும் 100 கிராம் கருவாடு தின்பதில்லை, உப்பு வேறு.

கட்டுரையில் இல்லாத ஓர் எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பொடிமீனைக் குடலோடு தின்பதால், குறுவையிலோ சம்பாவிலோ மருந்தடித்த வயலின் வடிகாலில் ஊத்தா (மீன்பிடிக் கூடை) போட்டுப் பிடிக்கக் கூடாது. மருந்தடித்த பிறகு செத்து மிதக்கும் மீனைக் கோழிக்குக்கூடப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்,
மன்னார்குடி.