இரண்டாம் வரைவுக்கு முன் ஒரு வார்த்தை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நீங்கள் அனுப்பிய கருத்துக் கட்டுரைகளின் முதல் வரைவை இரண்டு முறை படித்துவிட்டேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பலரிடம் கருத்து நான்காவது பத்தியில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் வாசகர் போய்விடுவார்.

ஒருவர் "நூலகங்கள் சமுதாயத்துக்கு மிக அவசியம்" என்று தொடங்கியிருந்தார். இதை யார் மறுப்பார்கள்? மறுக்க ஆளில்லாத இடத்தில் வாதத்துக்கு வேலை இல்லை. அவரே கடைசிப் பத்தியில், "மாலை 5 மணிக்குப் பூட்டும் நூலகம் வேலைக்குப் போகிறவருக்குப் பயன்படாது, இரவு 8 வரை திறந்திருக்க வேண்டும்" என்கிறார். அதுதான் முதல் வரி! மேலே கொண்டுவாருங்கள். கூடுதல் நேரத்துக்கு ஊழியரும் செலவும் வேண்டுமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்வியை அவர்களைவிட வலுவாக நீங்களே எழுதிவிட்டுப் பதில் சொல்லுங்கள். அதைத் தவிர்க்கும் கட்டுரையை என்னால் நம்ப முடிவதில்லை.

தலையங்கத்துக்கும் கருத்துக் கட்டுரைக்கும் என்ன வேறுபாடு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தலையங்கம் பத்திரிகையின் குரல், பெரும்பாலும் பெயரில்லாமல் வரும், அதில் 'நான்' வேண்டாம். கருத்துக் கட்டுரை உங்கள் பெயரில் வருவது, 'நான்' வரலாம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1970இல் தலையங்கப் பக்கத்துக்கு எதிரே உள்ள பக்கத்தை வெளியார் தங்கள் கருத்தை எழுதத் திறந்துவிட்டது.

திருத்திய வரைவை 600 சொற்களுக்குள், ஞாயிறு இரவு 9 மணிக்குள் அனுப்புங்கள். தலைப்புக்குக் கீழே உங்கள் கருத்து ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும்.