ஹீட் பம்ப் கேட்டு வர்றவங்களுக்கு, மலேசியா தாப்பா கடையிலேர்ந்து ஒரு மடல்

வணக்கம் அண்ணே, அக்கா, எல்லாருக்கும்,

தீபாவளி முடிஞ்சதுலேர்ந்து பல பேரு கடைக்கு வந்து "ஹீட் பம்ப் இருக்கா தம்பி, மகன் இங்கிலாந்துலேர்ந்து போட சொல்றான், பில்லு மூணுல ஒண்ணாயிடுமாமே"ன்னு கேக்குறீங்க. கவுண்டர்ல நின்னு திரும்ப திரும்ப சொல்லி தொண்ட வத்திப்போச்சு, அதான் எழுதிட்டேன்.

ஹீட் பம்ப்புன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஏர்கான திருப்பி போட்ட மாதிரிதான். ஏர்கான் ஓடறப்ப வெளிய மாட்டியிருக்க யூனிட்டு முன்னாடி நின்னு பாருங்க, சூடு காத்து மூஞ்சில அடிக்கும், அது ரூம்லேர்ந்து இழுத்த சூடு. குளிர் நாட்டுல ஹீட் பம்ப் வெளிக்காத்துல இருக்க சூட்ட இழுத்து வீட்டுக்குள்ள தள்ளுது. வெளிய 7 டிகிரி இருந்தா 1 யூனிட் கரண்டுக்கு 3, 4 யூனிட் சூடு வரும், மைனஸ் 15க்கு போனா 2 பக்கம் எறங்கிடும், போதாததுக்கு வெளிய மாட்டியிருக்க மிஷின்ல ஐஸ் பிடிக்கும், அத உருக்கவும் கரண்டுதான்.

ஆனா காசு மிச்சமாகுதாங்கிறது அதுக்கு முன்னாடி என்ன வெச்சிருந்தாங்கங்கிறத பொறுத்தது லா. நார்வேல பாதிக்கு மேல வீட்டுல ஹீட் பம்ப் இருக்கு, அங்க முன்னாடி சாதா கரண்டு ஹீட்டர், 1 யூனிட்டுக்கு 1 யூனிட் சூடுதான், அதனால மாத்துன அன்னைக்கே லாபம். இங்கிலாந்துல வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர், கரண்டு யூனிட்டு கேஸ் யூனிட்ட விட நாலு மடங்கு வெல, மிஷின் 3 யூனிட் சூடு குடுத்தாலும் பாய்லர்தான் மலிவு. 7,500 பவுண்டு மானியம் உண்டு, ஆனா அது மிஷின் போடறதுக்கு, மாசா மாசம் வர்ற பில்லுக்கு இல்ல. செவுரு ஜன்னல் சந்துல சூடு ஓடிப்போற பழைய வீடா இருந்தா மொதல்ல அத அடைக்க சொல்லுங்க உங்க மகன்கிட்ட.

இப்ப நம்ம கத. தாப்பால யாருக்கும் வீட்ட சூடு பண்ண வேணாம், வெயிலே போதும். கேமரன் மலைல ராத்திரி 15 டிகிரிக்கு வர்றதால ரிங்லெட், தானா ராத்தா ஆளுங்க குளிக்கிற தண்ணிக்கு கேக்குறீங்க, நியாயம்தான். 3.6 கிலோவாட் ஹீட்டர்ல ஒரு ஆளு 10 நிமிஷம் குளிச்சா 0.6 யூனிட், நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 2.4, யூனிட்டு 44 சென்னுன்னு போட்டா மாசம் 32 வெள்ளி (ரிங்கிட்) கிட்ட வரும், கொஞ்சமா யூஸ் பண்றவங்களுக்கு பில்லுல தள்ளுபடி போக இன்னும் கம்மி. தண்ணிய சூடு பண்ற ஹீட் பம்ப் அத 11 வெள்ளியாக்குதுன்னே வெச்சுக்குவோம், மிச்சம் 21. மிஷினு 5,000 வெள்ளின்னா போட்ட காசு திரும்ப 20 வருஷம் ஆகும், அதுவரைக்கும் மிஷினு தாங்கணுமே! (இப்படி எழுதி யாவாரத்த கெடுக்குறேன்னு வீட்ல ஏற்கனவே திட்டு.)

ஹோம்ஸ்டே வெச்சிருக்கவங்க, நாள் முழுக்க யாராச்சும் குளிச்சுக்கிட்டே இருக்க எடம், அவங்க கணக்கு வேற. போன மூணு மாச பில்ல எடுத்துட்டு வாங்க, எத்தன ரூம், எத்தன பேருன்னு பாத்து சொல்றேன். ஞாயித்துக்கெழம மத்தியானத்தோட கட அடைச்சிருவோம்.