ரெண்டாவது மிட்டாய்

அஸ்தம்பட்டி, சேலம்
அக்டோபர், ஞாயிறு மதியம்

மாப்ளே,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். அங்கேயும் சுகம்தான் என்று நினைக்கிறேன். முடிந்தது. "கிறிஸ்துவுக்குள் பிரியமான" என்று ஆரம்பித்தால் நீ தபால்காரனிடமே திருப்பிக் கொடுக்கிற ஆள்.

உன் பையனைப் பற்றி நீ எழுதிய கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. "மிஷன் ஆஸ்பத்திரியை விட்டுட்டு கார்ப்பரேட்டுக்குப் போறேன்னு நிக்கிறான், ரெட்டைச் சம்பளமாம், நீயாவது நாலு வார்த்தை எழுது, நிலையானது எது நிலையில்லாதது எதுன்னு புரியவை" என்று எழுதியிருந்தாய். டாக்டர் படித்த பையனுக்குப் புரியவைக்க, ரிட்டையர்டு பிசிக்ஸ் வாத்தியார்! அதுவும் நான் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்திருப்பாய். வேலூரில் அவன் நித்தம் கேட்டு வளர்ந்த கதை. சொல்லமாட்டேன்.

ஊர்ச் செய்தி: தடியனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. நடக்கிறான், நடப்பதைவிட அதிகமாக அதைப் பற்றிப் பேசுகிறான். பாயசம் டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஓசூர் போய்விட்டார். கொயரில் உன் இடத்தில் நிற்கிற டெனர் பையன் உன்னைவிட நன்றாகப் பாடுகிறான். இந்த ஒரு வரிக்காகவே கடிதம் எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் எழுத வைத்தது வேறு.

காலாண்டு லீவில் நம் வாலிபர் முகாம் ஏற்காட்டில் நடந்தது. "பெரியவர் யாராவது ஒருத்தர் கூட இருக்கணும்" என்று ஆயர் என்னைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டார். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரே பாட்டு. மேலே போனால் பனி. ஏரி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பேச்சாளர் சென்னைக்காரர், சின்ன வயசு, நல்ல பேச்சு, கையில் லேப்டாப். தலைப்பு "உடனடி இன்பமா, நித்திய பாக்கியமா?" நாம் அந்த வயதில் கேட்ட அதே பிரசங்கம்தான். அப்போது டிவி, சினிமா தியேட்டர். இப்போது ரீல்ஸ், ஆன்லைன் கேம்.

ஒருவேளைக் கூழுக்குத் தலைமகன் உரிமையை விற்ற ஏசாவில் ஆரம்பித்து அந்த மார்ஷ்மெல்லோ பரிசோதனைக்கு வந்தார். உனக்கும் தெரிந்திருக்கும். 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்தியது. நாலைந்து வயதுப் பிள்ளை முன்னால் ஒரு மிட்டாய். "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டு ஆள் வெளியே போய்விடுவார். பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு படுகிற பாட்டை வீடியோவில் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். (தட்டில் மார்ஷ்மெல்லோ வைத்ததால் அமெரிக்கப் பிள்ளைகள் தப்பித்தார்கள். சேலத்தில் தட்டுவடை செட்டை வைத்துப் பார்த்திருந்தால் ஒருத்தனும் தேறியிருக்கமாட்டான். நீ முதலில் விழுந்திருப்பாய்.) "பொறுத்திருந்த பிள்ளைக்கு ரெண்டு! தேவனுக்காகப் பொறுத்திருக்கிறவனுக்கு இரட்டிப்பு!" என்று முடித்தார். ஆமென், கைதட்டல்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தது. நர்சிங் இரண்டாம் வருஷம். "அண்ணா, ரெண்டாவது மிட்டாய் தர்றேன்னு சொன்னவங்க வரவே இல்லைன்னா? அப்போ முதல்லயே தின்னவன்தானே புத்திசாலி?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த, வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளை ஆட்டோவிலேயே ஒட்டி வைத்திருப்பாராம்; இந்த வருஷம் கடன் தீரும், இந்த வருஷம் வாசல் திறக்கும் என்று நம்பி ஒவ்வொரு ஊழியக்காரருக்கும் காணிக்கை கொடுத்தார். கடைசியில் ஃபைனான்ஸ்காரன் ஆட்டோவை எடுத்துப் போனான், அட்டைகளோடு. பேச்சாளர் பாவம், "தேவன் தாமதிப்பார், மறக்கமாட்டார்" என்று ஏதோ சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தது. நம் திருச்சபையில் கஷ்டமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது அந்த மணிதான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கேட்டதை ஏற்கனவே ஒரு ஆராய்ச்சி கேட்டிருக்கிறது. அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்து அதே மிட்டாய்ப் பரிசோதனையைச் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. "படம் வரைய நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம், "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம். பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், பெரியவன் நம்பத்தக்கவனா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

நாம் பிரசங்கத்தில் இதைத் தலைகீழாக அல்லவா பிடித்திருக்கிறோம்? பொறுமை இல்லை, அடக்கம் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் உடனே வேண்டும் என்று திட்டுகிறோம். முதிர்வயதில் பிள்ளை வரும் என்று வாக்குப் பெற்ற சாராளைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் என்றா? "வாக்குத்தத்தம்பண்ணினவர் உண்மையுள்ளவரென்றெண்ணி" என்றுதான் எபிரெயர் 11ல் இருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசியை யாரும் அட்டையில் அச்சடிக்கமாட்டார்கள்: "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." ரெண்டாவது மிட்டாய் கைக்கு வராமலே செத்தார்கள், ஆனாலும் ஆளை நம்பினார்கள். ரெண்டு கிடைக்கும் என்று ஒன்றை விடுகிறவன் ஏசா போட்ட கணக்கைத்தான் போடுகிறான், தவணை மட்டும் நீளம். அதை ஆவிக்குரிய ஜீவியம் என்று நாம் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

முகாம் முடிந்ததும் நாகலூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காபித் தோட்டம் வெயிலில் மொட்டையாக நிற்கிறது. போன வருஷம் சில்வர் ஓக் மரங்களை முழுசாக வெட்டி டிம்பருக்குக் கொடுத்துவிட்டான். அராபிகா காபி நிழல் கேட்கிற செடி; வெயில் பட்டால் தண்டு துளைப்பான் பூச்சி சும்மா விடுமா? இலை பழுத்து வாடிய செடிகளைப் பிடுங்கி எரித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் போச்சு. நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: "அப்பா நாப்பது வருஷம் நல்ல விலை வரும், நல்ல விலை வரும்னு காத்துக் கிடந்தாரு. என்ன கண்டாரு? எனக்கு வந்தது கார், பொண்ணு ஃபீஸ்." கார் நன்றாகத்தான் இருக்கிறது. அதில்தான் என்னை அடிவாரம்வரை கொண்டுவந்து விட்டான். ஏசா குடித்த பயற்றங்கூழும் ருசியாகத்தான் இருந்திருக்கும். "புசித்துக் குடித்து எழுந்திருந்து போய்விட்டான்" என்றுதானே இருக்கிறது. வயிற்றுவலி வந்தது என்று எழுதவில்லை. அண்ணனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த மரங்களை நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேறு.

வீட்டுக்கு வந்து வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தேன். அட்டைகளில் எல்லாருக்கும் பிடித்தது 29:11, "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." உன் கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். அதற்கு முந்தின வசனத்தைப் படித்துப் பார். பாபிலோனுக்குச் சிறைபோன ஜனத்துக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; அங்கே 70 வருஷம் முடிந்த பிறகு என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகம் பேர் அங்கேயே செத்திருப்பார்கள். இன்னும் ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி வருகிறான். "ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும்" என்று ஆலயத்தில் ஜனத்துக்கு முன்னால் சொல்லி, அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். இன்றைக்கு இருந்தால் நம் ஊரில் ஸ்டேடியத்தையே வாடகைக்கு எடுத்திருப்பான். எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." ஆசை அவருக்கும் இருந்தது. ஆனாலும் 70 என்று எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதினார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வருஷம் ஒரு அனனியா கிடைத்தான். 70 என்று மெய் சொல்ல ஒருத்தரும் அகப்படவில்லை. நானும் நீயும் அந்த மேடைகளுக்குக் கீழே கொயர் சீட்டில் உட்கார்ந்து எத்தனை ஆமென் சொல்லியிருப்போம்!

இப்போது உன் பையன் விஷயம். உன் கடிதத்தில் ரெட்டைச் சம்பளத்தைப் பற்றி ரெண்டு பக்கம் புலம்பியிருந்தாய். நடுவில் ஒரே ஒரு வரி, போகிற போக்கில்: பாண்ட் (இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுத்தது) முடிந்தால் மேல்படிப்புக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், மூன்றாவது வருஷமாக "அடுத்த வருஷம்" என்கிறார்களாம். அதை ஏன்டா அப்படி ஓரமாக எழுதினாய்? உலகப்பொருள்மேல் ஆசை வந்துவிட்டது என்று ஜெபம் பண்ணுகிறாயே, அவன் கிரேயானுக்காகக் காத்திருந்து ஏமாந்த பிள்ளையாக இருக்கலாம் அல்லவா?

அதனால் என்னை எழுதச் சொல்லாதே. அவன் போகலாமா கூடாதா என்று எனக்கு அபிப்பிராயம் இருக்கிறது. இருக்கட்டும் என்பேன், கிராமத்து ஜனங்களுக்கு அவன் கை வேண்டும். ஆனால் அதைச் சொல்ல இன்னும் எனக்கு உரிமை வரவில்லை. நீ முதலில் அவனோடு போய் அந்த சூப்பரிண்டெண்டைப் பார். அனுப்புவார்களா மாட்டார்களா, மெய்யான பதில் கேள். "இல்லை" என்றால் அதையும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லச் சொல். அதற்குப் பிறகும் அவன் அங்கே இருக்கிறேன் என்றால், அதை அவனே தேர்ந்துகொண்டான் என்று நாம் சொல்லலாம். போகிறேன் என்றால் உன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அம்மாக்காரியையும் அழவேண்டாம் என்று சொல்.

பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. வெள்ளி ராத்திரி வேண்டாம், கமிட்டி இருக்கிறது. இந்த வருஷம் அட்டை அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், சண்டை நிச்சயம்.

உன்
கட்டைக்குரல்